கயிறு அவிழ்த்துப் பெற்ற வாக்குமூலம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

குடிநோயர் மறுவாழ்வு இல்லங்களைப் பார்வையிடும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்களுக்கு, அக்குழுவோடு பல்லாண்டுகள் எழுத்தராகச் சென்று ஓய்வு பெற்றவன் எழுதிக்கொள்வது. நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். அலுவலக உதவியாளனாகச் சேர்ந்தேன். கோப்புகளைத் தூக்கிச் சென்ற கையாலேயே அவற்றைப் பிரித்துப் படித்தேன். துறைத் தேர்வுகளைத் தனியே எழுதி எழுத்தர் நாற்காலியை அடைந்தேன். ஆகவே நடையில் குறை தென்பட்டால் பொறுத்தருள வேண்டும்.

இத்தகைய இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், அறைகளில் காற்றும் வெளிச்சமும் வேண்டும், மருத்துவர் முறையாக வந்து செல்ல வேண்டும் என்றெல்லாம் நம் மாநிலத்து விதிகள் வகுத்திருப்பதைத் தாங்கள் பயிற்சியில் கற்றிருப்பீர்கள். இவை கண்ணால் கண்டு எழுதக் கூடியவை. இவற்றோடு, உள்ளே இருப்பவரைத் தனியே அழைத்து, விருப்பத்தோடு இருக்கிறாரா, எவரேனும் துன்புறுத்துகின்றனரா என்று கேட்டு எழுத வேண்டும் என்றும் விதி உள்ளது. கேட்பது எளிது. கேட்டதனால் என்ன நேரும் என்பதைப் பயிற்சியில் எவரும் சொல்லித் தருவதில்லை. அதை எழுதவே அமர்ந்தேன்.

நான் யாரிடம் இப்பணியைக் கற்றேனோ அந்த அம்மையாரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதுவதை அவர் விரும்பமாட்டார். தென்மாவட்டத்தவர். பார்வையிடச் சென்ற இடத்தில் தேநீர்கூட அருந்தமாட்டார். முதலில் அலுவலக அறைக்குச் செல்லாமல் சமையலறைக்குச் சென்று, பாத்திரம் துலக்குபவரிடம் ஊர்க்கதை பேசிவிட்டே மேலே நடப்பார்.

உத்திரமேரூரிலிருந்து சற்றுத் தொலைவில், வயல்களுக்கு நடுவே வருமானமின்றிக் கிடந்த ஒரு திருமண மண்டபத்தை ஒருவர் வாடகைக்கு எடுத்து இல்லம் நடத்திவந்தார். பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு நுழைவாயிலிலேயே மாட்டியிருந்தார். 'மணமகன் அறை' என்று எழுதிய கதவில் வெளிப்புறம் புதிதாகத் தாழ்ப்பாள் பொருத்தப்பட்டிருந்தது. அங்கே ஓர் இளைஞர் இறந்துபோனார். குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று இல்லத்தார் எழுதிக் கொடுத்தனர். அன்றே எரியூட்டியும் விட்டனர். தன் மகன் வழுக்கி விழவில்லை என்று அவருடைய தாயார் மனுக் கொடுத்தார். அம்மனு எங்கள் மேசைக்கு வந்தது.

நாங்கள் சென்று இறங்கியதும் நடத்துநர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க மேடம், வாங்க சார். மொதல்ல நாஷ்டா பண்ணுங்க. பொங்கலு சூடாக் கீது."

"சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்," என்றார் அம்மையார்.

"எங்க வூட்டுப் பொங்கல் சாப்பிடலியே மேடம்."

"அத உள்ள இருக்கறவங்களே சாப்பிடட்டும்."

உள்ளே இருந்தவர்களை முதலில் கூடத்தில் வைத்தே ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டோம். விருப்பத்தோடு இருக்கிறீர்களா என்றால், "விருப்பத்தோடதான் கீறேன் சார்." எவரேனும் அடிக்கிறார்களா என்றால், "யாரும் கை வெக்கறதில்ல சார்." அந்த இளைஞர் எப்படி இறந்தார் என்றால், "வழுக்கி வுழுந்துட்டான் சார்." வந்தவர் அனைவரும் இதே சொற்களைச் சொன்னார்கள். ஒருவர் மட்டும், பழக்கடை வைத்திருந்த முதியவர், "ஒரே ஒரு கொறை கீது சார்," என்றார். நான் நிமிர்ந்தேன். "தண்ணிய வுட்றதுக்கு வந்தவனுக்கு சாம்பாரத் தண்ணியா ஊத்தறாங்க. இது நாயமா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தனர். நடத்துநரும் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை. முதியவரின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஏன் எல்லார் கையிலயும் ஒரே மாதிரி மஞ்சக் கயிறு?"

நான் விளக்கினேன். எங்கள் பகுதியில் குடியை விட நினைப்பவர் ஏரிக்கரைக் கன்னியம்மனிடம் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்வார். கயிறு கட்டிய கையோடு குடிப்பவரை நான் கண்டதில்லை. அவர் வாய்தவறிக் கேட்டாலும், பார் நடத்துகிறவனே, "போ நைனா, கைல கயிறு கீது" என்று அனுப்பிவிடுவான். கூடிக் குடிப்பவர்களும் அந்தக் கையைத் தாண்டித்தான் அடுத்தவருக்கு நீட்டுவார்கள். இந்த நாட்டில் எத்தனையோ சட்டங்கள் இருந்தும், காவலர் இன்றி எங்கள் ஊர் மதிக்கும் சட்டம் அக்கயிறு ஒன்றே. இதற்கு முன் இருமுறை வேறு அலுவலர்களோடு நான் அங்கே சென்றிருந்தேன். கயிறுகளைக் கண்டு, நல்ல இடம் என்று எண்ணித் திரும்பியிருந்தோம். உள்ளூர்க்காரர்களாகிய எங்களுக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

"கட்டும்போது என்ன சத்தியம் பண்ணுவாங்க?" என்று கேட்டார் அம்மையார். வெளியூர்க்காரர் என்பதனால்தான் அவருக்கு அந்தக் கேள்வி எழுந்தது. எனக்கு விடை தெரியவில்லை.

இறந்த இளைஞருக்கு அடுத்த பாயில் படுத்திருந்தவர் ஏழுமலை. மானாம்பதிப் பக்கத்து வேளாண் குடும்பத்தவர், நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர். அவரைச் சமையலறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினோம். கேள்வியைக் கேட்டதுமே கயிறு கட்டிய மணிக்கட்டை மறுகையால் பிடித்துக்கொண்டார்.

"என்னை மட்டும் கேக்காதீங்க சார்."

"ஏன்?" என்றார் அம்மையார்.

"அம்மன் மேல சொல்லிக் கட்டிகினு கீறேன். குடிக்க மாட்டேன்னு ஒண்ணு. மண்டபத்துச் சேதிய வெளிய சொல்ல மாட்டேன்னு ஒண்ணு. நடத்தறவரு சொல்லிக் குடுத்தாரு, எல்லாருந்தான் சொன்னோம்."

"கயிற அவுத்தா சொல்லுவீங்களா?"

அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவுத்தா சொல்லுவேன். ஆனா அவுத்தா நான் ஆளு இல்ல மேடம்," என்றார்.

அவ்வேளையில் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. குறை இல்லையெனில் மாலைக்குள் கோப்பை முடித்துவிடலாமே என்று கனிவாகவே கேட்டனர். நடத்துநர் முற்றத்தில் கைப்பேசியோடு நடந்துகொண்டிருந்தார். நாங்கள் புறப்பட்ட மறுகணம் ஏழுமலை வேறிடத்துக்கு மாற்றப்படுவார் என்பதை இருவரும் அறிந்திருந்தோம். அம்மையார் அவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவதாக எழுதினார். அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு. வண்டியில் ஏற்றிக்கொண்டு முதலில் ஏரிக்கரைக்குத்தான் போனோம்.

வழியிலேயே ஏழுமலையின் மனைவி கௌரிக்குச் சொல்லியனுப்பியிருந்தோம். பால் தூக்கைக்கூட வண்டிக் கொக்கியிலிருந்து இறக்காமல் வந்து சேர்ந்தார். வேப்பமரத்தடியில் ஏழு கற்கள்தாம் அம்மன். பூசாரி கன்னியப்பன், கரையோரத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர். கரும்பு வெட்டிலிருந்து கைகழுவாமல் வந்து நின்றார்.

கௌரி அம்மையாரிடம் நேரே வந்தார். "யாரக் கேட்டு இவரக் கூட்டியாந்தீங்க?"

"அங்க ஒரு பையன் செத்திருக்கான்மா. இவர் பாத்திருக்கார்."

"செத்தவன் செத்துட்டான். இவரு உயிரோட கீறாரு. கல்லீரலு போயிட்ச்சி, இனி ஒருதபா தொட்டா அவ்ளோதான்னு டாக்டரு சொல்லிட்டாரு. அது தெரியுமா ஒங்களுக்கு? அங்க அடிக்கறாங்கன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சிதான் வுட்டேன்."

அம்மையார் பூசாரியிடம் திரும்பினார். வெளியே சொல்லக்கூடாது என்னும் சத்தியத்தை மட்டும் நீக்க இயலுமா என்று கேட்டார்.

"கட்டனது ஒரே முடிச்சி மேடம்," என்றார் கன்னியப்பன். "நடத்தறவரு வார்த்த சொல்லிக் குடுப்பாரு, இவனுங்க சொல்லுவானுங்க, நான் கட்டுவேன். ரெண்டும் அதுலதான் கீது. ஒண்ண வச்சிகினு ஒண்ண அவுக்கறதுக்கு எனக்கு வழி தெரியாது."

"அவர் சொல்லி முடிச்சதும் திரும்பக் கட்டிடலாமா?"

"அவுத்த கைல ஒடனே கட்டனா அது கயிறு இல்ல, நூலு. ஆடில கூழு ஊத்தறப்போ வரட்டும். கட்டறேன்."

"இது மாசி," என்றார் கௌரி. "ஆடி வரைக்கும் இவரு கையப் புடிச்சிகினு நான் ஒக்காந்திருக்கணுமா?"

அம்மையார் ஏழுமலையின் எதிரே தரையில் அமர்ந்தார். "நீங்க சொல்லியே ஆகணும்னு சட்டம் இல்ல. சொல்லலன்னா நான் வழுக்கி விழுந்தார்னு எழுதிட்டுப் போகணும். சொன்னா அந்த எடத்த மூடலாம். ரெண்டுல எதுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார்.

"அவுத்துடு பூசாரி," என்றார் ஏழுமலை.

"யோவ், பசங்கள நெனச்சியா?"

"நெனச்சிகினுதான் கீறேன் கௌரி. அந்தப் பையன் நெனப்பும் கூடவே வருது. கயிறு கட்டியும் தூக்கம் வர்ல."

பூசாரி அம்மனை வணங்கி முடிச்சை அவிழ்த்தார். கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. ஏழுமலை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்த இளைஞர் தாயின் குரலை வெளிவாசலில் கேட்டு ஓட முயன்றிருக்கிறார். பிடித்து மணமகன் அறையில் அடைத்து, நீர்க்குழாய்த் துண்டால் அடித்திருக்கிறார்கள். தண்ணீர் கேட்டவருக்குத் தரக்கூடாது என்று கதவருகே ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். இரவில் ஏழுமலை தம் துண்டைக் கழிவறையில் நனைத்து வந்து, கதவின் கீழ் இடுக்கு வழியே நீட்டியிருக்கிறார். மறுநுனியை யாரோ சப்பியது தெரிந்தது என்றார். பிறகு தெரியவில்லை என்றார். கௌரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

அன்று மாலையே மண்டபம் பூட்டப்பட்டது. மற்றவர்கள் கையில் கயிறோடு வீடு சென்றார்கள். ஏழுமலை ஒருவர்தான் வெறுங்கையோடு நின்றார். அரசு மருத்துவமனையின் குடிநோய்ப் பிரிவில் சேர்ந்துகொள்ளுமாறு அம்மையார் வேண்டினார்.

"அங்கயும் கதவப் பூட்டுவாங்களா மேடம்?"

அம்மையார் பொய் சொல்லத் தெரியாதவர். "ராத்திரில பூட்டுவாங்க," என்றார்.

"வேணாம் மேடம். நான் வூட்டுக்குப் போறேன்."

விருப்பமின்றி எவரையும் வைத்திருக்கலாகாது. அதற்காகத்தானே அன்று காலை அங்கே சென்றோம்? 'விருப்பமில்லை' என்று எழுதினேன். கௌரி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் எழுதறீங்க?"

"அவருக்கு விருப்பமில்லைன்னு எழுதறேன்மா."

"நான் வேணும்ன்றனே சார். அத எங்க எழுதுவீங்க?"

படிவத்தில் அதற்கென்று இடம் இருக்கவில்லை.

அம்மையார் கைவிட்டுவிடவில்லை. கிராமச் செவிலியரை அவ்வீட்டுக்குப் போய்வரச் செய்தார். வாரந்தோறும் கௌரியிடம் பேசினார். பங்குனி கடந்தது. எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது. சித்திரையில் நவரைப் பட்டத்து அறுவடை தொடங்கிற்று. அறுப்பு முடிந்த கழனியில் இயந்திரத்தோடு வந்தவர்களுக்கு நிலத்துக்காரர் ஒரு புட்டி வாங்கித் தருவது வழக்கம். கயிறு கட்டிய கையைத் தாண்டிச் செல்லும் குவளை, ஏழுமலையின் வெறுங்கையைத் தாண்டவில்லை. கொடுத்தவர் கெட்டவர் அல்லர். கையைப் பார்த்தார், கயிறு இல்லை, கொடுத்தார்.

வைகாசியில் இரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

துக்கத்துக்கு அம்மையாரும் நானும் சென்றோம். வசைமொழியை எதிர்பார்த்தே சென்றோம். கௌரி எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். "ஆடி பொறந்தா கட்டிடலாம்னு மஞ்சத்துணி கூட வாங்கி வச்சிருந்தேன் சார்," என்றார்.

மண்டபத்தை மூடிய ஆணையை எதிர்த்து நடத்துநர் மேல்முறையீடு செய்தார். சாட்சி குடித்தே இறந்தவர் என்றும், கோயிலில் சத்தியத்தை அவிழ்த்துப் பெற்ற வாக்குமூலம் மிரட்டிப் பெற்றதற்குச் சமம் என்றும் அவருடைய வழக்கறிஞர் வாதிட்டார். குறுக்கு விசாரணைக்குச் சாட்சி இல்லாத நிலையில் அவ்வாக்குமூலத்தை ஏற்பதற்கில்லை என்று கூறி, மூடிய ஆணையை நீக்கினர். நடத்துநர் பக்கத்து வட்டத்தில் வேறொரு பெயரில் இல்லம் திறந்தார். இறந்த இளைஞரின் தாயார் அதன்பின் சிலமுறை அலுவலகம் வந்து, என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்து, எதுவும் கேட்காமல் எழுந்து போனார்.

அம்மையாருக்கு மாறுதல் ஆணை வந்த நாளில் நான் துணிந்து கேட்டேன். அன்று நாம் செய்தது சரிதானா என்றேன்.

"தெரியல சார்," என்றார். "அவுக்காம வந்திருந்தா அந்தப் பையன் வழுக்கி விழுந்ததாவே இருந்திருக்கும்."

"இப்பவும் அப்படித்தானே மேடம் இருக்கு?"

அவர் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். தொடர்ந்து செய்தார்.

இதிலிருந்து தாங்கள் கொள்ள வேண்டிய பாடம் யாதெனத் திட்டமாகக் கூற நான் தகுதியற்றவன். ஒருவர் வாய் திறக்க மறுப்பாரானால், அந்த மறுப்பு வேறு எதையெல்லாம் தாங்கி நிற்கிறது என்று முதலில் விசாரியுங்கள் என்பேன். விசாரித்த பின்னும் முடிவு எளிதாகிவிடாது. நாங்கள் விசாரித்தோம். பூசாரி சொன்னார், மனைவி சொன்னார், மருத்துவர் சொன்னதையும் கேட்டோம். அனைத்தையும் அறிந்தே அவிழ்த்தோம். சட்டம் ஒரு கதவைத் திறக்கும் வலிமையைத் தங்களுக்குத் தந்திருக்கிறது. திறந்த கதவின் வெளியே அம்மனிதர் போய்ச் சேர ஓர் இடத்தை அது இன்னும் கட்டவில்லை. அக்குறை தங்கள் காலத்திலாவது தீரும் என்று எழுத விரும்புகிறேன். எழுதக் கை வரவில்லை.

நான் ஓய்வு பெற்ற பின், உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தில் கௌரியைச் சந்தித்தேன். அவர்தாம் என்னை அடையாளம் கண்டு வந்தார். பெரிய பையன் பத்தாவது படிப்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார், அந்தக் கல்யாண மண்டபத்துக்காரரு இப்ப எங்க நடத்தறாரு?"

எனக்குத் தெரியும். "எதுக்கும்மா?" என்றேன்.

"எங்க தம்பி ரொம்பக் குடிக்கறான் சார். கல்யாணம் கட்டி ஒரு வருசங்கூட ஆவல. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல."

"அவங்க என்ன பண்ணாங்கன்னு நீயே காதால கேட்டியேம்மா. அங்க வேணாம்."

"கேட்டேன் சார். மறக்கல." அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்ப எங்க வுடட்டும்? நீங்களே ஒரு எடம் சொல்லுங்க. அங்கியே போறேன்."

அரசு மருத்துவமனை என்றேன். "விருப்பம் இருந்தாதான் சேத்துக்குவாங்களாமே. அவனுக்கு ஏது விருப்பம்?" என்றார். வேறோர் இடம் உண்டா என்று நான் எண்ணிப் பார்த்தேன். அவர் பொறுமையோடு காத்திருந்தார். மானாம்பதிப் பேருந்து வந்தது. "பரவால்ல சார், நான் யாரனாக் கேட்டுக்கறேன்," என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

ஐயா, அம்மையீர், இக்குறிப்பை வாசித்தபின் எறிந்துவிடாமல், பார்வையிடச் செல்கையில் தாங்கள் கொண்டுசெல்லும் வழிகாட்டி ஏட்டோடு சேர்த்து வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.